சூடில்லாமல் ஐஸ் உருகுவது எப்படி?

பாளையங்கோட்டை வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார். அவருடைய மகள் அமெரிக்காவில், மினசோட்டாவில் இருக்கிறார். குளிர்காலத்தில் விடிந்தால் கார்க் கண்ணாடி முழுக்க ஐஸ் படிந்திருக்குமாம். ஆல்கஹாலும் தண்ணீரும் கலந்த பாட்டிலை எடுத்துத் தெளித்தால் சற்று நேரத்தில் இளகிவிடுகிறது. “அந்தக் கலவையும் இரவெல்லாம் காருக்குள்ளேயே கிடந்து சில்லிட்டுப்போனதுதானே? சூடே இல்லாமல் ஐஸ் எப்படி உருகும்?” என்கிறார். அருமையான கேள்வி.

கண்ணாடியில் ஐஸ் படிவது எளிய விஷயம். தெளிந்த வானத்தின்கீழ் நிற்கும் கண்ணாடி இரவு முழுக்க வெப்பத்தை மேல்நோக்கி உமிழ்ந்து, காற்றைவிடக் குளிர்ந்துவிடுகிறது. மார்கழியில் நம் ஊரில் பைக் சீட் நனைந்திருப்பதும் இதனால்தான். அங்கே ஈரம் உறைந்தும்போகிறது.

இனி உருகுவதற்கு வருவோம். ஐஸும் தண்ணீரும் தொட்டுக்கொண்டிருக்கும் இடம், ஆனித் தேரோட்டத்தன்று நெல்லையப்பர் கோயில் வாசல் மாதிரி. சில மூலக்கூறுகள் ஐஸைவிட்டு வெளியேறுகின்றன. சில தண்ணீரிலிருந்து வந்து ஒட்டிக்கொள்கின்றன. 0 டிகிரி செல்சியஸில் இரண்டும் சமம். இப்போது தண்ணீரில் ஆல்கஹாலைக் கலக்கிறோம். ஐஸின் அடுக்கில் ஆல்கஹாலுக்கு இடம் கிடையாது. ஆனால் வாசலில் அது கூட்டமாக வந்து நின்றுகொள்கிறது. உள்ளே போக வரும் தண்ணீர் மூலக்கூறுகள் குறைகின்றன. வெளியேறுகிறவை குறைவதில்லை. ஆகவே ஐஸ் கரைந்துகொண்டே போகிறது. மறுபடி சமநிலை வர வேண்டுமானால், வெளியேற்றம் மட்டுப்படும் அளவுக்குக் குளிர் இன்னும் இறங்க வேண்டும். உறைநிலை தாழ்கிறது என்பதன் பொருள் இதுதான்.

எனக்கு மிகவும் பிடித்த பகுதி இனிமேல்தான். 1 கிராம் ஐஸ் உருக சுமார் 334 ஜூல் வெப்பம் வேண்டும். அடுப்பு இல்லாதபோது அது தன்னிடமிருந்தும் சுற்றியிருப்பவற்றிடமிருந்தும்தான் அந்த வெப்பத்தை எடுக்கும். அதனால் உருகிய நீர், உருகுவதற்கு முன்பிருந்த ஐஸைவிடக் குளிர்ச்சியாகிவிடுகிறது! குல்ஃபிக்காரர் பானையில் ஐஸோடு கல்லுப்பைக் கொட்டுவது இதற்காகத்தான். சர்க்கரை கரைந்த பால் 0 டிகிரியில் உறையாது. வெறும் ஐஸை வைத்துக்கொண்டு விடிய விடிய ஆட்டினாலும் பயனில்லை. உப்பு சேர்ந்த ஐஸ், அளவு சரியாக இருந்தால், பூஜ்யத்துக்குக் கீழே 21 டிகிரி வரை இறங்கக்கூடியது. ஆல்கஹாலைப் போலவே உப்பும் ஐஸை உருக்குகிறது. அந்த உருகல்தான் பாலை உறையவைக்கிறது. தூத்துக்குடி உப்பளங்களைப் பக்கத்தில் வைத்திருக்கும் நம் மாவட்டத்தில் ஒரு தெர்மாமீட்டர், கொஞ்சம் ஐஸ், ஒரு பிடி உப்பு கொடுத்து இதைப் பிள்ளைகளையே செய்து பார்க்கவிடாத பள்ளி இருக்கக் கூடாது. ஸ்மார்ட் வகுப்பறைத் திரைக்குக் கிடைக்கும் பணத்தில் ஒரு பங்காவது ஆய்வக அலமாரிக்குப் போக வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

காருக்கு உப்பு வேண்டாம், இரும்பை அரிக்கும். மருந்துக்கடையில் கிடைக்கும் 70 சதவீத ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் இரண்டு பங்கு, தண்ணீர் ஒரு பங்கு, பாத்திரம் கழுவும் திரவம் சில துளிகள். இந்தக் கலவை பூஜ்யத்துக்குக் கீழே 15 டிகிரியிலும் உறையாது. சோப்புத் துளி, கலவை உருண்டு ஓடாமல் பரவ உதவும். சிலர் தெளிக்கச் சொல்லும் வினிகரில் அமிலம் 5 சதவீதம் அளவே. ஓரிரு டிகிரிக்கு மேல் அதனால் உறைநிலையைத் தாழ்த்த முடியாது. மினசோட்டாக் குளிருக்கு அது எம்மாத்திரம்? முதல்நாள் இரவே உருளைக்கிழங்கை வெட்டித் தேய்த்துவைத்தால் ஐஸ் பிடிக்காது என்பதையும் நம்ப வேண்டாம். அத்தனை மெல்லிய மாவுப் படலத்தில் கரைந்த பொருள் என்ன இருந்துவிடப் போகிறது?

வெந்நீரை மட்டும் ஊற்றவே கூடாது. கண்ணாடியின் ஒரு பக்கம் சட்டென விரிய, மறுபக்கம் சுருங்கியே இருக்க, விரிசல் விழும். ஆல்கஹால் தீப்பற்றும் என்பதால் பாட்டிலை நெருப்பிலிருந்து தள்ளியே வைக்கச் சொல்லுங்கள். முதல்நாள் இரவே கண்ணாடிமேல் ஒரு பழைய போர்வையைப் போட்டு மூடிவிட்டால், வானத்துக்குப் போகும் வெப்பம் தடைபட்டு, தெளிக்கும் வேலையே பெரும்பாலும் இருக்காது.