சீரோகன்வர்ஷன்: மாறுவது எது?

எச்.ஐ.வி. பற்றிய மருத்துவ எழுத்தில் வரும் சீரோகன்வர்ஷன் (seroconversion) என்பதைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் ‘ஊனீர் மாற்றம்’ என்று வரும். இதைப் படிப்பவர் ரத்தத்தில் ஏதோ கெட்டுவிட்டது என்று நினைப்பார். இல்லையென்றால் அன்றைக்குத்தான் எச்.ஐ.வி. உள்ளே நுழைந்தது என்று நினைப்பார். இரண்டும் பிழை. கிருமி வந்து சில வாரங்கள் ஆகியிருக்கும். கிருமியை எதிர்க்க உடல் செய்யும் புரதம்தான் எதிர்ப்பொருள். நேற்றுவரை பரிசோதனையில் சிக்காத எதிர்ப்பொருள் இன்று சிக்குகிறது, அவ்வளவுதான் செய்தி.

லத்தீனில் சீரம் என்றால் பால் திரிந்து கட்டியானபின் பிரிந்து நிற்கும் நீர். தயிர்ச்சட்டியில் கரண்டி போட்டு எடுத்த பள்ளத்தில் சற்று நேரம் கழித்துத் தேங்குமே, அதுதான். ரத்தத்திலும் இதே கதை. உறையாமல் தடுக்கும் மருந்து சேர்க்காத குழாயில் ரத்தம் எடுத்து அரை மணி நேரம் அசைக்காமல் நிறுத்தினால் கட்டியாக உறையும். பிறகு சென்ட்ரிஃபியூஜ் என்ற வேகச் சுழற்சிக் கருவியில் சுற்றினால் கட்டி அடியில் இறங்கி, வைக்கோல் நிறத் தெளிநீர் மேலே நிற்கும். எதிர்ப்பொருள்கள் இருப்பது அந்த நீரில். அவசரப்பட்டு முழுதாக உறையும் முன்பே சுற்றினால் உறைகட்டியின் புரதமான ஃபைப்ரின் இழைகள் தெளிநீரில் தங்கிவிடும். எதிர்ப்பொருளைத் தேடும் எலைசா என்ற ஆய்வகப் பரிசோதனைத் தட்டின் குழியில் ஒட்டிக்கொண்டு, இல்லாத எதிர்ப்பொருளை இருப்பதாகக் காட்டும். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை எடுப்பவரின் மாதிரிக்கு அரை மணி நேரம் போதாது.

கன்வர்ஷன் ‘திரும்புதல்’ என்ற லத்தீன் வேரிலிருந்து வந்தது. மதம் மாறுவதற்கும் ஆங்கிலத்தில் இதே சொல்தான். இங்கே பக்கம் மாறுவது ஆளோ கிருமியோ அல்ல, பரிசோதனை முடிவு.

இந்தச் சொல்லை ஒரு காய்ச்சலோடு முடிச்சுப் போட்டவர் சிட்னி செயின்ட் வின்சென்ட் மருத்துவமனையின் நோயெதிர்ப்பியல் மருத்துவர் டேவிட் கூப்பர் (1949–2018). அங்கே ஓரினச் சேர்க்கை ஆண்களிடம் தொடர்ந்து ரத்தம் எடுத்துச் சேமித்துவைக்கும் ஆய்வு நடந்துவந்தது. எதிர்ப்பொருள் பரிசோதனை கைக்கு வந்ததும் 12 பேரிடம் முந்தைய மாதிரி நெகட்டிவாகவும் பிந்தையது பாசிட்டிவாகவும் இருப்பது தெரிந்தது. இரண்டு மாதிரிகளுக்கும் இடைப்பட்ட நாட்களில் அவர்களுக்கு என்ன ஆனது? பழைய மருத்துவக் குறிப்புகளைப் புரட்டிப் பார்த்தபோது 12 பேரில் 11 பேருக்குத் திடீரென்று காய்ச்சல் வந்து 3 முதல் 14 நாட்கள் வரை நீடித்திருந்தது: வியர்வை, தொண்டை வலி, மூட்டு வலி, கழுத்திலும் அக்குளிலும் நெறிக்கட்டு, மார்பிலும் முதுகிலும் சிவந்த தடிப்பு, தட்டணுக் குறைவு. 1985 மார்ச்சில் லான்செட் மருத்துவ இதழில் இது வெளியானது. அதுவரை எயிட்ஸ் என்றால் இறுதிக் கட்டம்தான் மருத்துவர் கண்ணில் பட்டது. அதற்குப் பல ஆண்டுகள் முன்பே, தொற்றிய சில வாரங்களில், கிருமி ஒருமுறை கதவைத் தட்டுகிறது என்பது அப்போதுதான் தெளிவானது. நம் ஊர் மருத்துவர் அந்த அறிகுறிப் பட்டியலைப் பார்த்தால் முதலில் டெங்குவுக்குத்தான் எழுதிக்கொடுப்பார், அதில் வியப்பில்லை.

கூப்பர் குழு அந்தக் கட்டுரையின் தலைப்பில் வைத்த ‘அக்யூட்’ என்ற சொல்லும் தமிழில் சிக்கல் தருகிறது. ‘கடும் எச்.ஐ.வி. தொற்று’, ‘தீவிரத் தொற்று’ என்றெல்லாம் எழுதினால் நோய் முற்றிவிட்டது என்று பொருளாகிறது. மருத்துவத்தில் அக்யூட் என்பது புதிதாக, சட்டென்று வந்ததைக் குறிக்கும்; வலுவைக் குறிக்காது. ‘புதுத்தொற்று’ என்பதே போதும்.

புதுத்தொற்றின் நாட்கணக்கைப் பார்த்தால் சொல்லின் எல்லை புரியும். கிருமி நுழைந்தபின் ஏறக்குறைய 10 நாட்கள் எந்தப் பரிசோதனையிலும் சிக்காது. அடுத்து கிருமியின் மரபுப்பொருளான ஆர்.என்.ஏ. தெரியும். பிறகு ஐந்து நாட்களில் பி24 என்ற கிருமிப் புரதம், இன்னும் ஐந்து நாட்களில் நுண்ணிய எலைசாவில் எதிர்ப்பொருள், அதன்பின் எதிர்ப்பொருளைப் பட்டைகளாகக் காட்டி உறுதிசெய்யும் வெஸ்டர்ன் பிளாட் பரிசோதனையில் அரைகுறைப் பட்டைகள், கடைசியில் முழுப் பட்டைகள். ஈபர்ஹார்ட் ஃபீபிக் குழு 2003இல் இந்த வரிசையை ஆறு கட்டங்களாகப் பிரித்தது. சீரோகன்வர்ஷன் மூன்றாம் கட்டத்தில்தான் வருகிறது. ரத்தத்தில் கிருமி உச்சத்தில் இருப்பதும், ஒரு மில்லிலிட்டரில் பத்து லட்சம் பிரதிகளைத் தாண்டுவதும், பிறருக்கு எளிதில் தொற்றுவதும் ஏறத்தாழ அந்த நாட்களில்தான். அப்போது கையில் நெகட்டிவ் சான்று இருக்கலாம்!

கிருமி நுழைவதற்கும் பரிசோதனையில் சிக்குவதற்கும் இடைப்பட்ட இந்த இடைவெளிக்குத்தான் விண்டோ பீரியட் என்று பெயர். எச்.ஐ.வி. பரிசோதனை நடக்கும் நம்பிக்கை மையங்களில் ஆலோசகர்கள் அப்படியே சொல்கிறார்கள். எழுத்தில் ‘சாளரக் காலம்’. அதன் நீளம் பரிசோதனையைப் பொறுத்தது. ஆர்.என்.ஏ. பரிசோதனைக்கு 10 முதல் 33 நாட்கள், ஆய்வகத்தில் எதிர்ப்பொருளையும் பி24-ஐயும் சேர்த்துப் பார்க்கும் நான்காம் தலைமுறை எலைசாவுக்கு 18 முதல் 45 நாட்கள், விரல் குத்திப் பார்க்கும் விரைவுப் பரிசோதனைக்கு 23 முதல் 90 நாட்கள். மூன்று மாதம் கழித்து மறுபடி வாருங்கள் என்பது இந்தக் கடைசி எண்ணிலிருந்து வருகிறது. நான்காம் தலைமுறையிலும் ஒரு ஓட்டை உண்டு. எதிர்ப்பொருள் உருவானதும் பி24-ஐப் பற்றிக்கொள்வதால் புரத அளவு இறங்கும். எதிர்ப்பொருளோ இன்னும் அளவுகோலைத் தொட்டிருக்காது. அந்தச் சில நாட்களில் எடுத்த மாதிரி, முதலில் ரியாக்டிவாக (பாசிட்டிவாக) வந்த அதே ஆளுக்கு நெகட்டிவ் காட்டும். ‘இரண்டாம் சாளரம்’ என்பது இதைத்தான்.

அப்படியானால் தமிழில் என்ன எழுதுவது? ஊனீர் என்றால் பலருக்குப் புண்ணிலிருந்து வடியும் நீர்தான் நினைவுக்கு வரும். குருதித் தெளியம் என்ற சொல் நன்றாகவே இருக்கிறது. ஆனால் ‘குருதித் தெளிய மாற்றம்’ என்று நீட்டினாலும் மாறியது தெளியம் என்றே படும். ‘எதிர்ப்பொருள் தோன்றல்’ என்பது என் தேர்வு. பிறபொருளெதிரி என்று எழுதிப் பழகியவர்கள் ‘பிறபொருளெதிரி தோன்றல்’ என்று கொள்ளலாம். தோன்றுதல் என்ற வினை இங்கே கச்சிதமாகப் பொருந்துகிறது. பிறை தோன்றியது என்றால் அன்றுதான் நிலா பிறந்தது என்று யாரும் கொள்வதில்லை. கண்ணுக்குத் தெரியும் அளவை எட்டியது என்றுதான் பொருள். பாசிட்டிவ் என்பதை ‘நேர்மறை’ ஆக்குவதில் எனக்கு உடன்பாடில்லை. நேர்மறைச் சிந்தனை என்று காலையில் படித்தவர் மாலையில் அதே சொல்லை ரத்தப் பரிசோதனைத் தாளில் பார்த்தால் குழம்புவார். பாசிட்டிவ் என்றே விடலாம்.

கூப்பரின் பிற்காலப் பணி, தோன்றியதும் என்ன செய்வது என்ற கேள்வியைச் சுற்றியே நடந்தது. 1993இல் அவர் குழு, எச்.ஐ.வி. தாக்கும் நோயெதிர்ப்பு அணுக்களான சி.டி.4இன் எண்ணிக்கை 400க்கு மேல் உள்ளவர்களுக்கு ஜிடோவுடின் என்ற மருந்தை மட்டும் கொடுத்துப் பலன் கண்டது. அடுத்த ஆண்டே கன்கார்ட் ஆய்வு, மூன்று ஆண்டுகளில் அந்தப் பலன் நிற்கவில்லை என்று காட்டியது. ஒற்றை மருந்துக்குக் கிருமி பழகிக்கொள்கிறது. பல மருந்துகளைச் சேர்த்துத் தரும் கூட்டு மருந்து வந்தபின் 1998இல் ஆண்ட்ரூ காரும் கூப்பரும் அதை எடுப்பவர்களின் முகத்திலும் கைகால்களிலும் கொழுப்பு கரைவதை விவரித்தார்கள். அதனால் சீக்கிரம் தொடங்கலாமா என்ற தயக்கம் நீடித்தது. 35 நாடுகளில் 4,685 பேரோடு நடந்த ஸ்டார்ட் ஆய்வு 2015இல் அதைத் தீர்த்தது: சி.டி.4 500க்கு மேல் இருக்கும்போதே தொடங்கியவர்களுக்குக் கடும் நோயோ மரணமோ நேரும் வாய்ப்பு 57 விழுக்காடு குறைந்தது. அந்த ஆய்வை ஒருங்கிணைத்தவற்றில் அவரது சிட்னி மையமும் ஒன்று.

சீக்கிரச் சிகிச்சை இந்தச் சொல்லையே ஆட்டம் காணவைத்தது. பாங்காக்கில் 2009 முதல் நடந்த ஆய்வில், ஆர்.என்.ஏ. மட்டும் தெரியும் முதல் கட்டத்திலேயே மருந்து தொடங்கியவர்கள் சிலரிடம் எதிர்ப்பொருள் தோன்றவே இல்லை, அல்லது தோன்றி மங்கியது. இந்த மங்கலுக்கு சீரோரிவர்ஷன் என்று பெயர். ‘எதிர்ப்பொருள் மறைதல்’ எனலாம். தாயின் எதிர்ப்பொருளோடு பிறக்கும் குழந்தையிடம் அது 18 மாதத்துக்குள் கரைவதும் இதே பெயரில் வரும். ஆனால் அந்த எதிர்ப்பொருள் குழந்தை செய்ததல்ல. அதனால்தான் 18 மாதம்வரை குழந்தைக்கு எலைசா பாசிட்டிவை வைத்து முடிவு கட்டாமல் கிருமியின் மரபணுவையே தேடுகிறார்கள். 2010இல் அமெரிக்காவின் மிசிசிப்பியில் எச்.ஐ.வி. தொற்றோடு பிறந்த குழந்தை ஒன்றுக்குப் பிறந்து 30 மணி நேரத்தில் மருந்து தொடங்கினார்கள். ஏறத்தாழ 18 மாதத்தில் மருந்து நின்றது. அதன்பின் 27 மாதங்கள் கிருமி தெரியவில்லை, எதிர்ப்பொருளும் இல்லை. 2014 ஜூலையில் கிருமி திரும்பியது தெரியவந்தது.