இன்சுலினை நிறுத்துவதற்குப் பெயர் விசுவாசம் இல்லை

போன மாதம் ஒரு ஞாயிறு இரவு, பத்தரை மணி இருக்கும். எட்டாம் வகுப்புப் படிக்கும் பெண் பிள்ளை. இரண்டு நாளாக வாந்தி, வயிற்றுவலி. "ஏதோ சாப்பாடு ஒத்துக்கலை" என்று தூக்கிக்கொண்டு வந்திருந்தார்கள். நான் கட்டிலை நெருங்கும்போதே தெரிந்துவிட்டது. ஓடி வந்தவள் மாதிரி பெரிது பெரிதாக மூச்சு இழுக்கிறாள், மூச்சில் பழம் அழுகின வாடை. சர்க்கரை மீட்டரில் ஒரு சொட்டு ரத்தம் வைத்தால் எண் வரவில்லை, 'ஹை' என்று காட்டுகிறது. 600ஐத் தாண்டினால் அந்த மீட்டர் அப்படித்தான் காட்டும்.

"ஊசியை எப்பம்மா நிறுத்துனீங்க?"

அம்மா வாயே திறக்கவில்லை. கூட வந்த சித்திதான், "ஒன்பது நாளாச்சு டாக்டரம்மா. கூட்டத்துல பேரைச் சொல்லிக் கூப்பிட்டு ஜெபிச்சாங்க. சுகமாயிட்டுன்னு சொன்னாங்க. இனி ஊசி போட்டா விசுவாசக் குறைவுன்னு..." என்று இழுத்தார்.

பிள்ளை பிழைத்துக்கொண்டாள். மூன்று நாள் ஐசியூ, ஆறு நாள் வார்டு. (அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றித்தான் எழுதுகிறேன்.) ஆனால் இந்த வருஷம் இந்தக் காரணத்துக்காக நான் அட்மிஷன் போட்ட மூன்றாவது ஆள் இவள். முதலில் வந்தவர் வலிப்பு மாத்திரையை நிறுத்தியவர். இரண்டாவது, காசநோய் மாத்திரையை இரண்டாம் மாதத்தோடு விட்டவர். இனியும் எழுதாமல் இருந்தால் எனக்கே மனசு கேட்காது.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் ஜெபத்தைக் கேலி செய்ய வரவில்லை. நான் ஒரு உபதேசியார் மகள். எங்கள் வீட்டில் மாலை ஜெபம் முடியாமல் சோற்றுப்பானையைத் திறக்க முடியாது. இன்றைக்கும் ஓபி தொடங்கும் முன் இரண்டு நிமிஷம் கண்ணை மூடித்தான் உட்காருகிறேன். அதனாலேயே எனக்குக் கோபம் கூடுதலாக வருகிறது. எங்கள் வீட்டுச் சாமானை எடுத்து ஒருவர் இன்னொருவர் மண்டையை உடைத்தால் வருமே, அந்த மாதிரிக் கோபம்.

எப்படி நம்பிவிடுகிறார்கள் என்று படித்தவர்கள் கேட்கிறார்கள். நம்பும்படித்தான் நடக்கிறது, அதுதான் சங்கடம். முதல் வகை (டைப் 1) சர்க்கரை நோயில், அதாவது கணையம் இன்சுலின் சுரக்காமல் போகிற நோயில், நாங்கள் 'தேனிலவுக் காலம்' என்று ஒன்றைச் சொல்வோம். நோயைக் கண்டுபிடித்து இன்சுலின் தொடங்கியதும், ஓய்ந்துபோயிருந்த கணையத்தில் மிச்சம் இருக்கும் செல்கள் கொஞ்சம் மூச்சுவிட்டு மறுபடி வேலை செய்யும். இன்சுலின் தேவை மளமளவென்று குறையும். இந்தப் பிள்ளைக்கே 36 யூனிட்டில் தொடங்கியது நாலாவது மாதத்தில் 12க்கு வந்திருந்தது. அந்த நேரம் பார்த்து கூட்டத்துக்குப் போயிருக்கிறார்கள். ஊசியை நிறுத்தினால் முதல் இரண்டு நாள் மீட்டரில் 160, 180 என்றுதான் காட்டும். பார்த்தீர்களா, அற்புதம்! மேடையில் சாட்சி சொல்ல இது போதும். தேனிலவு சில வாரமோ சில மாதமோதான், அப்புறம் முடிந்துவிடும். முடிகிற அன்றைக்கு மேடைக்காரர்கள் வேறு ஊரில் இருப்பார்கள். பிள்ளை என் கட்டிலில் கிடப்பாள்.

வலிப்பும் அப்படித்தான். மாத்திரையை விட்ட மறுநாளே வர வேண்டும் என்பதில்லை. காசநோய்க்காரருக்கு இரண்டு மாதத்தில் இருமல் அடங்கும், எடை ஏறும், கிருமி மட்டும் உள்ளேயே இருக்கும். ரத்த அழுத்தமோ கூடினாலும் பெரும்பாலும் தெரியாது. 'நல்லா இருக்கேன்' என்ற உணர்வை வைத்து எதையும் முடிவு செய்யக்கூடாது என்பதற்காகத்தான் பரிசோதனை என்ற ஒன்று இருக்கிறது.

இப்போது என்னை மிகவும் எரிச்சல்படுத்துகிற வார்த்தைக்கு வருகிறேன். 'விசுவாசக் குறைவு.'

இவர்கள் சொல்கிற கணக்குப்படி விசுவாசம் என்பது ஒரு வகை மனத்தெம்பு. நினைத்தது நடக்கும் என்று சந்தேகமே இல்லாமல் நினைக்க வேண்டும். வாயால் அறிக்கை செய்ய வேண்டும். சந்தேகம் இல்லை என்று நிரூபிக்க மருந்தைத் தூக்கி எறிய வேண்டும். நடந்தால் அவர்கள் ஜெபம். நடக்காவிட்டால் உன் விசுவாசக் குறைவு. எந்தப் பக்கம் காசு விழுந்தாலும் தோற்பது வீட்டுக்காரன்தான். பிள்ளையைக் கவனிக்கும் அம்மாவின் தலையில் நோயோடு சேர்த்துக் குற்ற உணர்வையும் ஏற்றிவிட்டுப் போகிறார்கள்.

விசுவாசம் என்ற சொல்லை நம் ஊரில் வேறு எங்கே சொல்கிறோம் என்று யோசித்துப் பாருங்கள். ஒரு வேளை சோறு போட்ட வீட்டை விட்டுப் போகாத நாயை விசுவாசமுள்ளது என்கிறோம். நாளைக்கு எலும்பு கிடைக்கும், கிடைக்கும் என்று அறிக்கை செய்துகொண்டா அது வாசலில் கிடக்கிறது? ஆள் யாரென்று தெரியும், அதனால் இருக்கிறது. புதிய ஏற்பாட்டில் 'பிஸ்டிஸ்' என்ற கிரேக்கச் சொல்லுக்கும் இந்த இரண்டு அர்த்தமும் உண்டு: ஒருவரை நம்புவது, அவருக்கு உண்மையாக நிற்பது. கலாத்தியரில் ஆவியின் கனிகளை வரிசையாகச் சொல்லும்போது விசுவாசமும் வருகிறதே, அங்கே அதற்கு உண்மையாயிருத்தல் என்றுதான் பலரும் பொருள் கொள்கிறார்கள். எபிரெயத்தில் 'எமுனா'. நாம் ஜெப முடிவில் சொல்கிற ஆமென்னும் அதே வேரில் பிறந்ததுதான். அமலேக்கியரோடு நடந்த சண்டையில் ஆரோனும் ஊர் என்பவரும் ஆளுக்கொரு பக்கம் தாங்கிப் பிடிக்க, மோசேயின் கைகள் பொழுது சாயும்வரை நிலையாய் இருந்தன என்று யாத்திராகமத்தில் வருகிறது. அந்த 'நிலையாய்' என்ற இடத்தில் எபிரெயத்தில் நிற்பது எமுனாதான். அசராமல் நின்ற கை. அதுவும் தனியாக நிற்கவில்லை, இரண்டு பேர் பிடித்துக்கொண்டார்கள்.

நடுராத்திரி இரண்டு மணிக்கு அலாரம் வைத்து எழுந்து, தூங்குகிற பிள்ளையின் விரலில் குத்திச் சர்க்கரை பார்க்கும் அம்மாக்களை எனக்குத் தெரியும். வருஷக்கணக்காகச் செய்கிறார்கள். அவர்களிடம் போய் விசுவாசம் போதாது என்று சொல்ல எப்படி வாய் வருகிறது?

"வேதத்துல இருக்கே டாக்டர்" என்று எடுத்து நீட்டுகிற வசனங்களும் எனக்கு மனப்பாடம். ஆசா ராஜா கால் வியாதியில் கர்த்தரைத் தேடாமல் பரிகாரிகளையே தேடினான், இல்லையா? (காலில் உக்கிரமான வியாதி என்றதும் என் புத்தி சர்க்கரைப் புண்ணுக்குப் போகிறது. தொழில் தோஷம்.) அவன் செய்த தப்பு கர்த்தரைத் தேடாதது. எசேக்கியா ராஜாவைப் பாருங்கள். அழுது ஜெபித்தான், பதினைந்து வருஷம் கூட்டிக் கொடுக்கப்பட்டது. கையோடு ஏசாயா தீர்க்கதரிசி அத்திப்பழ அடையைப் பிளவையின்மேல் பற்றுப்போடச் சொல்கிறார். வாக்குத்தத்தமும் மருந்தும் ஒரே வாயிலிருந்து வருகின்றன. பவுல் என்ன செய்தார்? தீமோத்தேயுவின் வயிற்றுக்குக் கொஞ்சம் திராட்சரசம் குடிக்கச் சொல்லிக் கடிதம் எழுதுகிறார். துரோப்பீமுவை மிலேத்துவில் நோயாளியாகவே விட்டுவிட்டு வருகிறார். தன் சரீரத்து முள்ளை நீக்கச் சொல்லி மூன்று தரம் கேட்டும் 'என் கிருபை உனக்குப் போதும்' என்றுதான் பதில் கிடைத்தது. பவுலுக்கு விசுவாசம் குறைவா?

பெரும்பாடுள்ள (உதிரப்போக்கு நிற்காத) ஸ்திரீ பல வைத்தியர்களால் மிகவும் வருத்தப்பட்டாள் என்று மாற்கு எழுதுகிறார். எங்கள் ஜாதி வாங்கிய திட்டு அது, ஒத்துக்கொள்கிறேன். அதே கதையை லூக்கா எழுதும்போது, சொத்தெல்லாம் செலவழித்தும் யாராலும் குணமாகவில்லை என்பதோடு நிறுத்திக்கொள்கிறார். அவரும் வைத்தியர் ஆயிற்றே!

ஆனால் எல்லாவற்றையும்விட முக்கியமான இடத்தை யாரும் பிரசங்கிப்பதில்லை. பத்துக் குஷ்டரோகிகளிடம் இயேசு என்ன சொன்னார்? 'ஆசாரியர்களுக்கு உங்களைக் காண்பியுங்கள்.' அந்தக் காலத்தில் தோலைப் பார்த்து, ஏழு நாள் தனியே வைத்து, மறுபடி பார்த்து, சுத்தமா இல்லையா என்று சொல்லும் அதிகாரம் ஆசாரியனுக்கு இருந்தது. லேவியராகமம் 13ஐ வாசித்தால் தோல் ஓபி நோட்டு மாதிரியே இருக்கும். குணமாக்கியவரே 'போய்க் காட்டு' என்கிறார். அவர் பேரால் குணமாக்குகிறோம் என்பவர்கள் மட்டும் ரத்தப் பரிசோதனை வேண்டாம் என்கிறார்கள்.

நம் பக்கத்துச் சபைகளின் சரித்திரம் தெரிந்தவர்களால் இந்தப் பேச்சை நம்பவே முடியாது. திண்டிவனத்தில் ஒரே இரவில் மூன்று பெண்கள் பெண் மருத்துவர் இல்லாமல் பிரசவத்தில் இறந்ததைப் பார்த்துத்தான் அமெரிக்க மிஷனெரி மகளான ஐடா ஸ்கடர் மருத்துவம் படிக்கப் போனார். 1900இல் வேலூரில் ஒற்றைக் கட்டிலில் தொடங்கிய சி.எம்.சி. ஆஸ்பத்திரி இன்றைக்கு எங்கே நிற்கிறது என்று சொல்ல வேண்டியதில்லை. எவரெஸ்ட் ஏறப்போன ஆங்கிலேய டாக்டர் சாமர்வெல், நெய்யூர் ஆஸ்பத்திரியில் காத்துக்கிடந்த கூட்டத்தைப் பார்த்துவிட்டு அங்கேயே வேலைக்கு வந்துவிட்டார். யாழ்ப்பாணத்து மானிப்பாயில் அமெரிக்க மிஷனெரி டாக்டர் சாமுவேல் கிறீன் மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்தார், நூல்களைத் தமிழாக்கினார். இவர்கள் எல்லாம் விசுவாசத்தை மருந்துப்பெட்டியோடு சேர்த்துத் தூக்கி வந்தவர்கள். அவர்கள் கட்டிய ஆஸ்பத்திரியில் பிறந்த பிள்ளைகள் வளர்ந்து, ஊசி அவிசுவாசம் என்கிறார்கள்.

சரி, வேலைக்கு வருவோம்.

முதல் வகைச் சர்க்கரை உள்ள பிள்ளைக்கு இன்சுலினை ஒரு நாள்கூட முழுதாக நிறுத்தக்கூடாது. காய்ச்சலா, வாந்தியா, சாப்பிடவில்லையா, அப்போதும் நிறுத்தக்கூடாது. எவ்வளவு என்று மருத்துவரைக் கேளுங்கள். வாந்தியோடு மூச்சு வாங்கினால் எண்ணெய் பூசி ஜெபிக்கிற வீட்டைத் தேடிப் போகாதீர்கள். ஆஸ்பத்திரிக்கு வரும் வழியில் ஆட்டோவில் ஜெபியுங்கள், கர்த்தருக்குக் கேட்கும். வலிப்பு மாத்திரையைச் சட்டென்று விட்டால் வலிப்பு நிற்காமல் தொடர்ந்து உயிருக்கே ஆபத்தாகலாம். காசநோய் மாத்திரையைப் பாதியில் விட்டால் மருந்துக்கு அடங்காத கிருமியாகத் திரும்பி வரலாம், பக்கத்தில் உட்காரும் விசுவாசிக்கும் சேர்த்து. மார்பில் கட்டி இருக்கிறதா, மூன்று மாத உபவாச ஜெபம் முடியட்டும் என்று இருக்காதீர்கள் தாயே, கெஞ்சிக் கேட்கிறேன். அந்த மூன்று மாதம் திரும்பக் கிடைக்காது.

லெந்து நாட்களில் உபவாசம் இருக்கிற சர்க்கரை நோயாளிகள், சாம்பல் புதனுக்கு ஒரு வாரம் முன்னால் வந்து மாத்திரை அளவை மாற்றிக்கொண்டு போங்கள். ஆராதனை நடுவில் மயங்கி விழுந்தால் அது ஆவியின் அபிஷேகமா தாழ்சர்க்கரையா என்று பக்கத்தில் நிற்பவருக்குத் தெரியாது.

சபை ஐயர்மாரே, பாஸ்டர்மாரே, ஜெபியுங்கள். நன்றாக ஜெபியுங்கள். முடிவில் ஒரே ஒரு வரி சேர்த்துச் சொல்லுங்கள்: 'மருந்தை டாக்டர் சொல்லாமல் நிறுத்தாதீங்க.' உங்கள் வாயிலிருந்து அது வந்தால், நான் பத்து வருஷம் கத்துவதைவிடப் பலன் அதிகம். சிறுபிள்ளைகளை மேடையேற்றிச் சாட்சி சொல்ல வைக்காதீர்கள். அடுத்த மாதம் சர்க்கரை ஏறினால் அந்தப் பிள்ளை அதை யாரிடம் போய்ச் சொல்லும்?

என் சக மருத்துவர்களுக்கும் ஒன்று. சிரிக்காதீர்கள். சில வருஷத்துக்கு முன்னால் ஒரு பெரியவர், "ஜெபத்துல குறைஞ்சிட்டும்மா" என்றபோது, "அப்போ அங்கேயே பீஸ் கட்டுங்க" என்று நான் நக்கலாகச் சொன்னேன். ஓபி நெரிசல், பசி, என்ன சாக்கு சொன்னாலும் சொன்னது சொன்னதுதான். அவர் திரும்பி வரவே இல்லை. இப்போதெல்லாம் மருந்துச் சீட்டு எழுதும்போதே, "ஜெபத்துக்குப் போறீங்களா? நல்லது. ஊசியும் கூடவே போகட்டும்" என்று நானே முந்திக்கொள்கிறேன்.

அந்தப் பிள்ளையின் அம்மா, மூன்றாம் நாள் ஐசியூ வாசலில் என்னைத் தனியே கூப்பிட்டார். "அம்மா, ஒண்ணு சொல்லணும். ஊசியைக் குப்பையில போடச் சொன்னாங்க. எனக்கு மனசு வரலை. ஃப்ரிட்ஜுல மாவுச் சட்டிக்குப் பின்னால ஒளிச்சு வச்சிருந்தேன். அந்த அவிசுவாசத்துனாலதான் பிள்ளைக்கு இப்படி ஆயிட்டோ?"

எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது. வலிப்பு வந்த மகனைத் தூக்கிக்கொண்டு இயேசுவிடம் வந்த தகப்பனை அவருக்கு நினைவூட்டினேன். 'விசுவாசிக்கிறேன் ஆண்டவரே, என் அவிசுவாசம் நீங்கும்படி உதவிசெய்யும்' என்று கண்ணீரோடு கத்தினானே, அவனை. அரை விசுவாசத்தோடு வந்திருக்கிறாய், போ என்று அவனை யாரும் விரட்டவில்லை. அவன் மகன் சுகமானான். "நீங்க மாவுச் சட்டிக்குப் பின்னால வச்சீங்க பாருங்க, அதுக்கு நான் வேற பேரு வச்சிருக்கேன்" என்றேன்.

நேற்று ரிவ்யூவுக்கு வந்தார்கள். நோட்டு கொண்டு வந்திருந்தார்கள். நாங்கள் போட்டுக் கொடுத்தது நாலு கட்டம்: தேதி, நேரம், சர்க்கரை, யூனிட். ஐந்தாவதாக அம்மா ஸ்கேல் வைத்து ஒரு கோடு இழுத்து, 'ஜெபம்' என்று எழுதி, வேளைக்கு ஒரு டிக் போட்டிருந்தார். சனிக்கிழமை இரவு ஜெபத்துக்கு டிக் இருக்கிறது, யூனிட் கட்டம் காலி. சிவப்புப் பேனாவில் வட்டம் போட்டு நிமிர்ந்து பார்த்தேன்.

"கல்யாண வீட்டுக்குப் போயிருந்தோம்மா" என்று பிள்ளை தலையைக் குனிந்தாள்.

"பந்தியில ஐஸ்கிரீம் உண்டா?"

"ரெண்டு."