பார்சருக்கு நிபந்தனை புரியாது

மேற்கோள்களை அமைத்துத் தரும் ஸோட்டெரோ போன்ற மென்பொருளில் நூற்பட்டியலின் பாணியை ஏபிஏ என்ற மேற்கோள் முறையிலிருந்து சிகாகோ என்ற முறைக்கு மாற்றிப் பாருங்கள். ஆண்டு இடம் மாறும், ஆசிரியர் பெயர் சுருங்கும் அல்லது விரியும், அடிக்குறிப்புகள் முளைக்கும். இந்த வேலையைச் செய்வது பாணிக்கு ஒன்றாக எழுதி வைத்திருக்கும் எக்ஸ்எம்எல் கோப்பு. எக்ஸ்எம்எல்-இல் ஒவ்வொரு உறுப்பும் 'டேக்' என்ற குறியோடு தொடங்கி, இன்னொரு டேக்கோடு முடியும். பாணிகளை எழுதும் மொழிக்கு சிஎஸ்எல் என்று பெயர். புரூஸ் டார்கஸ் தொடங்கிவைத்தது, 1.0 பதிப்பு 2010-இல் வந்தது.

கோப்பைத் திறந்தால் ஒன்றுக்குள் ஒன்றாக நிபந்தனைகள்தான். இது புத்தகமா? ஆம் என்றால், ஆசிரியர் பெயர் இருக்கிறதா? இல்லையா, சரி, பதிப்பாசிரியர் பெயரைப் போடு. 'சூஸ்' என்ற உறுப்புக்குள் 'இஃப்', 'எல்ஸ்-இஃப்', 'எல்ஸ்' என்று கிளைகள் வரும். அந்தக் கிளைக்குள் மறுபடி ஒரு 'சூஸ்' வரலாம். எத்தனை ஆழம் போகலாம் என்பதற்குக் கட்டுப்பாடு இல்லை.

கோப்பைப் படித்து அதன் அமைப்பைக் கண்டறியும் நிரலான பார்சர், இதை எழுத்தெழுத்தாகப் படிக்கிறது. தொடக்க டேக் வந்தால் ஸ்டாக் என்ற அடுக்கின் மேலே ஏற்றும். இறுதி டேக் வந்தால், மேலே இருக்கும் பெயரோடு பொருந்துகிறதா என்று பார்த்து இறக்கும். எந்த 'இஃப்' எங்கே முடிகிறது என்பது இந்தக் கணக்கால்தான் தெரிகிறது. ரெகுலர் எக்ஸ்பிரஷன் என்ற எழுத்து வடிவத் தேடலை வைத்து ஒப்பேற்றலாம் என்று நினைப்பவர்கள் மாட்டிக்கொள்வதும் இங்கேதான்: முதலில் கண்ணில் படும் இறுதி டேக் பெரும்பாலும் உள்ளே இருக்கும் கிளையினுடையது.

படித்து முடித்ததும் நினைவகத்தில், உறுப்புக்குள் உறுப்பாகக் கிளைவிட்ட ஒரு மரம் நிற்கும். அதில் எல்லாக் கிளைகளும் இருக்கும், ஒருபோதும் செயல்படப் போகாத கிளையும் சேர்த்து. ஏனென்றால் பார்சருக்கு 'இஃப்' என்பது வெறும் பெயர். அங்கே 'கத்தரிக்காய்' என்று எழுதியிருந்தாலும் மரம் அப்படியேதான் வளரும். ஆகவே யாரும் எட்டாத ஒரு கிளையில் ஒரு டேக்கை மூட மறந்தாலும் முழுக் கோப்பும் செல்லாது. வலைப்பக்க மொழியான எச்டிஎம்எல்-இல் இத்தகைய பிழைகளுக்குப் பிரவுசர் காட்டும் பெருந்தன்மையை, 1998-இல் வந்த எக்ஸ்எம்எல் விதிகள் அனுமதிப்பதில்லை. பிரவுசரில் இருக்கும் டாம்பார்சர் என்ற பார்சர் அப்போது நிரலை நிறுத்தும் பிழை அறிவிப்பு எதையும் எழுப்பாது. 'பார்சர்எரர்' என்ற உறுப்பு அடங்கிய ஆவணத்தைச் சத்தமில்லாமல் திருப்பித் தரும். அதைத் தேடிப் பார்க்காத நிரல், எல்லாம் நலம் என்று தொடர்ந்து ஓடும்.

நிபந்தனைக்கு அர்த்தம் வருவது அடுத்த கட்டத்தில், மரத்தின் மேல் நடக்கும் நிரலில். 'சூஸ்' வந்தால் அதன் நேரடிப் பிள்ளைகளை வரிசையாகச் சோதிக்க வேண்டும், முதலில் பொருந்தும் கிளைக்குள் இறங்க வேண்டும், மீதியைத் தொடக்கூடாது. 'நேரடி' என்ற சொல்தான் உயிர். டேக் பெயரைச் சொல்லி மரத்தில் தேடும் வழக்கமான டாம் செயற்கூறு (டாம் என்பது இந்த மரத்தைக் கையாளும் வழிமுறை), பிள்ளைகளோடு பேரப்பிள்ளைகளையும் அள்ளிக்கொண்டு வரும். உள்ளே இருக்கும் 'எல்ஸ்' வெளியே இருப்பதன் 'எல்ஸ்' போல ஓடிவிடும். ஆழமில்லாத பாணிகளில் இந்தப் பிழை தலைகாட்டாது என்பதால் சோதனைகளில் தப்பிவிடும். அப்புறம் இன்னொரு தொல்லை: அழகுக்காக விட்ட வரி இடைவெளிகளும் மரத்தில் உரை முனைகளாக, அதாவது தனிப் பிள்ளைகளாக, உட்கார்ந்திருக்கும். முதல் பிள்ளை என்று கேட்டால் வெற்றிடம் வந்து நிற்கும்.

சரியாக நடந்தாலும் விதிகளில் வழுக்கும் இடங்கள் உண்டு. ஒரு 'இஃப்'-இல் புத்தகம், இதழ்க் கட்டுரை என்று இரண்டு வகைகளைக் கொடுத்து, 'ஏதாவது ஒன்று' என்று குறிப்பிடாமல் விட்டால், சிஎஸ்எல் அதை 'எல்லாம்' என்று எடுத்துக்கொள்ளும். ஓர் ஆவணத்துக்கு ஒரே வகைதான். அந்தக் கிளை என்றைக்கும் திறக்காது. அதேபோல, அடுத்தடுத்து ஒரே நூலைச் சுட்டும்போது வரும் 'இபிட்' நிலை உண்மையானால், 'மறுபடி சுட்டப்பட்டது' என்ற நிலையும் உண்மை. பின்னதை முதலில் சோதித்தால் 'இபிட்' கிளைக்கு முறையே வராது.

அந்த நிலையெல்லாம் கோப்பில் இல்லை, எழுதிக்கொண்டிருக்கும் கட்டுரையில் இருக்கிறது. நடுவில் ஓர் அடிக்குறிப்பை நுழைத்தாலே கீழே இருப்பவற்றின் விடை மாறும். இதைவிட விசித்திரம், இரண்டு மேற்கோள்கள் ஒன்றுபோலத் தோன்றினால் மட்டும் உண்மையாகும் நிபந்தனை. எழுதிப் பார்த்து, ஒப்பிட்டு, மற்ற வழிகள் தோற்ற பிறகுதான் அது செயல்படும்; அப்போது மறுபடி எழுத வேண்டும். எனவே தேவையற்ற கிளைகளை முன்கூட்டியே வெட்டிவிட முடியாது.

ஒரே மரத்தில் இப்படித் திரும்பத் திரும்ப ஏறி இறங்குவது வீண் வேலை. சிஎஸ்எல் பாணிகளை இயக்க பிராங்க் பென்னெட் எழுதிய சைட்ப்ராக்-ஜேஎஸ் என்ற நிரல், மரத்தை ஒருமுறை மட்டும் நடந்து, கட்டளைகளின் நேர்வரிசையாக விரித்து வைத்துக்கொள்கிறது. ஒவ்வொரு நிபந்தனையும் வென்றால் எந்த எண்ணுக்குத் தாவுவது, தோற்றால் எந்த எண்ணுக்குத் தாவுவது என்ற குறிப்போடு அந்த வரிசையில் நிற்கும். மேற்கோள் ஒவ்வொன்றுக்கும் அந்தத் தாவல்கள் மட்டுமே நடக்கும். எக்ஸ்எம்எல் பக்கம் திரும்பிப் பார்க்க வேண்டியதில்லை.