வலிக்காத மாரடைப்பு

சர்க்கரை நோயாளிகளில் சிலருக்கு மாரடைப்பு வந்துபோனதே தெரியாது. வேறு எதற்கோ ஈசிஜி எடுக்கப் போன இடத்தில், "உங்களுக்கு ஏற்கெனவே ஒரு அட்டாக் வந்திருக்கே" என்று டாக்டர் சொல்லும்போது ஆடிப்போவார்கள். கேட்டால், என்றோ ஒருநாள் வியர்த்துக் கொட்டியது, மூச்சு வாங்கியது, கேஸ் என்று நினைத்து சோடா குடித்துவிட்டுப் படுத்தேன் என்பார்கள்.

இதயத்துக்கு ரத்தம் போதாமல் போகும்போது அந்த வலியைத் தண்டுவடத்துக்குக் கொண்டுசெல்பவை, பரிவு நரம்புகளோடு (ஆபத்து நேரத்தில் உடலை உசுப்பிவிடுபவை) சேர்ந்து ஓடும் மெல்லிய இழைகள். சர்க்கரை அவற்றைத்தான் அரிக்கிறது. தசையைப் போல நரம்பு செல் இன்சுலினுக்காகக் காத்திருப்பதில்லை. ரத்தத்தில் குளுக்கோஸ் ஏறினால் உள்ளேயும் ஏறிவிடும். மிஞ்சிய குளுக்கோஸை ஆல்டோஸ் ரிடக்டேஸ் என்ற நொதி சார்பிடாலாக மாற்றுகிறது. அந்த வேலையில், செல்லின் தற்காப்புக்கு வேண்டிய என்ஏடிபிஹெச் என்ற மூலக்கூறு செலவாகிவிடுகிறது. நரம்புக்கே ரத்தம் கொடுக்கும் நுண்குழாய்களும் கெட்டுப்போகின்றன. நீளமான நரம்புகள்தான் முதலில் அடிபடும். பாதம் முதலில் மரத்துப்போவது அதனால்தான்.

நாம் நினைக்காமலே உள்ளுறுப்புகளை இயக்கும் தன்னியக்க நரம்புகளில் நீளமானது வேகஸ். மூளையின் அடியிலிருந்து கிளம்பி, இதயத்தைத் தொட்டு, வயிறு வரை இறங்குகிறது. இதயத் துடிப்பைக் கிளப்பிவிடும் சைனஸ் கணுவைத் தன் போக்கில் விட்டால் நிமிடத்துக்குச் சுமார் 100 முறை துடிக்கும். அதை 70 பக்கம் இழுத்துப் பிடித்திருக்கும் கடிவாளம் வேகஸ்தான். அது நைந்தால் சும்மா உட்கார்ந்திருக்கும்போதே நாடி 90, 100 என்று ஓடும். பரிவு நரம்புகளும் கெட்ட பிறகு இன்னொரு தொல்லை: படுக்கையிலிருந்து எழுந்ததும் பி.பி. 20 புள்ளிக்கு மேல் சரிந்து கண் இருட்டும்.

இதைக் கண்டுபிடிக்க ஸ்கேன் வேண்டியதில்லை. எடின்பரோவில் டேவிட் ஈவிங், பார்பரா கிளார்க் இருவரும் 1970களில் எளிய சோதனைகளை முறைப்படுத்தினார்கள். அவற்றில் ஒன்று: ஈசிஜி ஓடிக்கொண்டிருக்க, நிமிடத்துக்கு 6 முறை என்று ஆழமாக மூச்சு விட வேண்டும். மூச்சை இழுக்கும்போது நாடி கூடும், விடும்போது குறையும். இரண்டுக்கும் இடையே 15 துடிப்பாவது வித்தியாசம் இருந்தால் நல்லது. 10-க்குக் கீழே என்றால் வேகஸ் தளர்ந்திருக்கலாம். (வயதானாலும் இந்த வித்தியாசம் குறையும், அதைக் கணக்கில் எடுக்க வேண்டும்.) பாதத்தைச் சோதிக்கும் பல இடங்களில் இந்த ஒரு நிமிடச் சோதனையைச் செய்வதில்லை என்பது எனக்குப் புரியாத விஷயம்.

ஆபத்து எவ்வளவு? 15 ஆய்வுகளில் இருந்த சுமார் 2,900 பேரின் தரவுகளைச் சேர்த்து 2003-இல் கணக்கிட்டபோது, இதய நரம்பு பாதிப்பு உள்ளவர்கள் இறக்கும் வாய்ப்பு மற்றச் சர்க்கரை நோயாளிகளைவிட இரு மடங்குக்குச் சற்று மேல். இரண்டு சோதனைகளாவது தவறியவர்களுக்கு மும்மடங்கையும் தாண்டியது. அமெரிக்காவிலும் கனடாவிலும் நடந்த டிஐஏடி (DIAD) ஆய்வு இன்னும் சுவாரசியம். இதய நோய் அறிகுறியே இல்லாத 522 சர்க்கரை நோயாளிகளைச் சோதித்ததில் 22 சதவீதம் பேருக்கு இதயத்தில் மறைவான கோளாறு இருந்தது. அதை மிக வலுவாக முன்கூட்டிச் சுட்டியது கொலஸ்ட்ரால் அல்ல. மூச்சை முக்கி ஊதும் வால்சால்வா சோதனையில் நாடி சரியாக மாறாததுதான். நரம்புதான் எல்லாவற்றுக்கும் காரணம் என்று சொல்லிவிடவும் முடியாது. ஒரே சர்க்கரை நரம்பையும் ரத்தக் குழாயையும் சேர்த்தே கெடுக்கிறது.

நைந்த நரம்பை மீட்பது கடினம்; நைவதைத் தள்ளிப்போடலாம். டென்மார்க்கின் ஸ்டெனோ-2 ஆய்வில் 160 பேரில் பாதிப் பேருக்குச் சர்க்கரை, பி.பி., கொழுப்பு மூன்றையும் ஒருசேரக் கட்டுக்குள் கொண்டுவந்தார்கள். அவர்களிடம் தன்னியக்க நரம்பு பாதிப்பு வளரும் வாய்ப்பு ஏறத்தாழ 60 சதவீதம் குறைந்தது. ஆனால் நரம்பு ஏற்கெனவே கெட்டவர்கள் சர்க்கரையை மளமளவென்று இறக்கக் கூடாது. தாழ்சர்க்கரையின் படபடப்பும் அவர்களுக்குச் சரியாகத் தெரியாது.

இப்படிப்பட்டவர்கள் மாடி ஏறும்போது புதிதாக மூச்சு வாங்கினால் அதை நெஞ்சுவலிக்குச் சமமாக எடுத்துக்கொண்டு டாக்டரைப் பார்க்க வேண்டும். அறுவை சிகிச்சை என்றால், எழுந்து நிற்கும்போது தலை சுற்றுவதை மயக்க மருந்து கொடுப்பவரிடம் முன்பே சொல்லிவிடுவது நல்லது. மயக்கத்தில் அவர்களுடைய பி.பி. சட்டென்று விழக்கூடும்.