டேங்க் பாதி வேலைதான், மீதி மண்ணுடையது

பாதாளச் சாக்கடை இல்லாத ஊரில் வீடு கட்டுகிறவர்கள் கழிவுநீர் என்றதும் கேட்கும் முதல் கேள்வி, டேங்க் எத்தனை அடிக்கு எத்தனை அடி போடலாம் என்பதுதான். கேள்வி தப்பில்லை, ஆனால் இரண்டாவதாக வர வேண்டியது. முதலில் பார்க்க வேண்டியது மனையின் மண்ணையும், மழைக்காலத்தில் நிலத்தடி நீர் எவ்வளவு மேலே ஏறுகிறது என்பதையும்.

செப்டிக் டேங்குக்குள் நடப்பது எளிமையான விஷயம். வீட்டுத் தண்ணீர் அதில் ஒன்றிரண்டு நாள் அதிக அசைவில்லாமல் நிற்கிறது, கனமானது அடியில் சேறாகப் படிகிறது, எண்ணெய்ப்பசை மேலே ஏடாக மிதக்கிறது, நடுவில் ஓரளவு தெளிந்த நீர் மட்டும் வெளியே போகிறது. வெளியேறும் குழாயில் 'டி' வடிவத் துண்டு மாட்டுவது இதற்காகத்தான்; அதன் கீழ்வாய் ஏட்டுக்குக் கீழே, சேற்றுக்கு மேலே இருக்க வேண்டும். காற்றில்லாமல் வாழும் பாக்டீரியாக்கள் சேற்றைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்று மீத்தேன் முதலிய வாயுக்களாக்கும், ஆனால் முழுக்கத் தின்னாது, மிச்சம் வருடா வருடம் ஏறிக்கொண்டே போகும்.

அப்படி வெளியே வரும் நீர் பார்க்கத் தெளிவாக இருந்தாலும் நோய்க்கிருமிகள் அதில் ஏராளம். அதைத் திறந்த வாய்க்காலில் விடுவது கழிவை அப்படியே விடுவதைவிடப் பெரிதாக மேல் இல்லை. உண்மையான சுத்திகரிப்பு, அந்த நீரை உறிஞ்சுகுழி வழியாகக் கசிய விடும் மண்ணில்தான் நடக்கிறது.

கழிவுநீர் மண்ணைத் தொடும் இடத்தில் நுண்ணுயிர்களால் வழுவழுப்பான ஒரு படலம் உருவாகும். அது நீரை மெதுவாகக் கசிய விடுவதால் அடியில் உள்ள மண் முழுக்க நனைந்து போகாமல், துளைகளில் காற்று தங்கும். நீர் மண்துகள்களின் மேல் ஒட்டிக்கொண்டு ஊர்ந்து இறங்கும்போது பாக்டீரியாக்கள் வடிகட்டப்படுகின்றன, வைரஸ்கள் துகள்களில் ஒட்டிக்கொள்கின்றன, காற்றில் வாழும் நுண்ணுயிர்கள் மீதிக் கழிவைத் தின்கின்றன. இதற்கெல்லாம் உறிஞ்சுகுழியின் அடிமட்டத்துக்கும் நிலத்தடி நீருக்கும் நடுவே குறைந்தது 60 முதல் 90 செ.மீ. நனைந்து ஊறாத மண் வேண்டும். ஊற்று வரும்வரை ஆழக் குழி தோண்டி, 'தண்ணீர் சட்டென்று இறங்குகிறது' என்று சந்தோஷப்படுவது இதனால்தான் ஆபத்து: அந்த நீர் சுத்தமாகாமலே கிணற்றுக்குப் போகிறது. வெடிப்புப் பாறையிலும் பருமணலிலும் இதே கதைதான். நல்ல மண்கூட கழிவிலிருந்து உண்டாகும் நைட்ரேட் என்ற உப்பை அவ்வளவாகப் பிடித்து வைக்காது, கைக்குழந்தைகளுக்கு அது மிகவும் கெடுதல், ஆகவே கிணற்றிலிருந்து 15 மீட்டராவது, இடம் இருந்தால் 30 மீட்டர் தள்ளியிருப்பது நல்லது.

மண்ணைச் சோதிக்கப் பெரிய கருவி வேண்டாம். உறிஞ்சுகுழி வரப்போகும் ஆழத்துக்குச் சின்னக் குழி எடுத்து, முதல் நாளே தண்ணீர் ஊற்றி ஊற விடுங்கள், ஏனென்றால் காய்ந்த களிமண் உப்பிய பிறகுதான் தன் உண்மையான வேகத்தைக் காட்டும். மறுநாள் நிரப்பி எவ்வளவு நேரத்தில் எவ்வளவு இறங்குகிறது என்று அளக்கலாம். குழியின் சுவரையும் பாருங்கள், சாம்பல் நிறமும் துரு நிறமும் திட்டுத்திட்டாகக் கலந்திருந்தால், கோடையில் காய்ந்து கிடந்தாலும் மழைக்காலத்தில் தண்ணீர் அந்த உயரம் வரை வருகிறது என்று பெரும்பாலும் சொல்லிவிடலாம். அப்படிப்பட்ட இடத்தில் ஆழம் கூடாது, மணலைத் தரைக்கு மேலே மேடாகக் கொட்டி அதன் வழியாகக் கசிய விட வேண்டும்.

சரி, இப்போது கணக்கு. ஐந்து பேர், ஆளுக்கு ஒரு நாளைக்கு 120 லிட்டர் என்று வைத்தால் 600 லிட்டர். இரண்டு நாள் நிற்க 1200, மூன்று வருடச் சேற்றுக்கு ஆளுக்கு வருடம் 40 லிட்டர் என்று 600, ஏட்டுக்கும் காற்றுக்கும் இடம் சேர்த்தால் 2000 லிட்டருக்குக் கொஞ்சம் மேலே போகும். மண் சதுர மீட்டருக்கு நாளொன்றுக்கு 20 லிட்டர் உறிஞ்சினால் 30 சதுர மீட்டர் உறிஞ்சும் பரப்பு தேவை, அதை ஒரே ஆழக் குழியாக எடுக்காமல் ஆழமில்லாத நீளப் பள்ளங்களாக எடுப்பது என் பரிந்துரை. கூரை மழைநீரை மட்டும் டேங்கில் சேர்க்கவே கூடாது, ஒரு கனமழை போதும் சேற்றை அடித்துக்கொண்டு போக.

சேறும் ஏடும் சேர்ந்து டேங்கில் மூன்றில் ஒரு பங்கை எட்டினால் எடுத்தாக வேண்டும். அதனால் வண்டியின் குழாய் எட்டும் இடத்தில் மூடியை வையுங்கள். உள்ளே யாரையும் இறக்காதீர்கள், அங்கே சேரும் ஹைட்ரஜன் சல்பைடு என்ற நச்சு வாயு சில மூச்சிலேயே ஆளைச் சாய்த்துவிடும், காப்பாற்ற இறங்குகிறவரையும் சேர்த்து.