எக்ஸ்பெடிஷன் குரூஸ்: கரையிறங்கு கடலுலா

ஆர்க்டிக் கடலுக்குச் சிறிய கப்பலில் போய்வரும் பயணத்தைப் பற்றித் தமிழில் யார் எழுதினாலும் ‘சாகசச் சொகுசுக் கப்பல் பயணம்’ என்ற தொடர் வந்து நிற்கிறது. ‘எக்ஸ்பெடிஷன் குரூஸ்’ என்பதற்கு இதுவே தமிழ் என்று தீர்மானித்தே விட்டார்கள். நான்கு சொற்களில் முதலிரண்டும் பிழை, பின்னிரண்டும் போதாதவை.

சொற்பிறப்பைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். எக்ஸ்பெடிஷன் லத்தீன் வழி வந்தது. வேர்ப்பொருள், சிக்கிய காலை விடுவிப்பது. கால் விடுபட்டால் கிளம்பலாம். ஆகவே ஆயத்தம், பிறகு படை கிளம்புவது என்று பொருள் விரிந்தது. 1025-இல் ராஜேந்திர சோழனின் கடற்படை கடாரம் நோக்கிப் போனதற்கும் ஆங்கில வரலாற்று நூல்கள் இதே சொல்லைத்தான் ஆள்கின்றன. நாம் அதைப் ‘படையெடுப்பு’ என்கிறோம். அந்த இடத்துக்கு அது மிகச் சரி. பின்னர் அறியாத நிலத்தைத் தேடிப் போவோரின் பயணத்துக்கும் இச்சொல் ஆகிவந்தது. கனடாவுக்கு வடக்கே அட்லாண்டிக்கையும் பசிபிக்கையும் இணைக்கும் வடமேற்குக் கடல்வழியைத் தேடி 1845-இல் பிரிட்டனிலிருந்து கிளம்பி, 129 பேரோடு திரும்பாமலே போன பிராங்க்ளின் குழு அப்படிப்பட்டது. குரூஸ் டச்சுச் சொல்; சிலுவையைக் குறிக்கும் சொல்லிலிருந்து பிறந்தது. ஒரு துறைமுகத்திலிருந்து இன்னொன்றுக்கு நேராகப் போகாமல் கடலில் குறுக்கும் நெடுக்கும் ஓடுவது அதன் பொருள். இந்தக் ‘குறுக்கும் நெடுக்கும்’ பின்னால் வேண்டியிருக்கும்.

இரண்டு சொற்களையும் சேர்த்துச் சுற்றுலாவுக்கு ஆக்கிய பெருமையில் பெரும்பங்கு லார்ஸ்-எரிக் லிண்ட்பிளாட் என்ற சுற்றுலா நடத்துநருக்கு உரியது. 1966-இல் பயணிகளை அண்டார்க்டிகாவுக்கு அழைத்துப் போனார். 1969-இல் பனிக்கடலுக்கென்றே கட்டிய சிறு பயணிகள் கப்பலை இறக்கினார். அந்தக் கப்பல் 1984-இல் வடமேற்குக் கடல்வழியையும் கடந்தது. நார்வேயின் துருவப் பயணி அமுண்ட்சென் ஆறு பேரோடு ‘யோவா’ என்ற சிறு கலத்தில் 1903 முதல் 1906 வரை பாடுபட்டுக் கடந்த வழி அது. இந்தக் கட்டத்தில்தான் சொல்லின் பொருள் மீண்டும் நகர்ந்தது. புதிய நிலம் கண்டுபிடிக்க இனி எதுவும் இல்லை. ஆனாலும் பாதையை முன்கூட்டி அறுதியிட முடியாது. அந்த ஒரு கூறு பழைய சொல்லைத் தாங்கி நிற்கிறது.

இனி, இது நடக்கிற விதம். நார்வேக்கு வடக்கே ஆர்க்டிக்கில் உள்ள ஸ்வால்பார்ட் தீவுக்கூட்டத்தில் லாங்இயர்பியன் ஊரில் கப்பல் ஏறுகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். நிரலில் முதல் நாள் ஏறுவதும் கடைசி நாள் இறங்குவதும்தான் உறுதி. நடுவில் உள்ளதைக் கடற்பனி வரைபடம் முடிவு செய்கிறது. கடற்பரப்பில் பத்தில் எத்தனை பங்கு பனி மூடியிருக்கிறது என்று அது காட்டும். ஒன்றிலிருந்து மூன்று பங்குவரை என்றால் தாராளமாகப் போகலாம். ஏழு, எட்டு என்றால் வலுவான உடற்பகுதி உள்ள கப்பலும் ஊர்ந்துதான் போகும். ஒன்பதைத் தாண்டினால் பெரும்பாலானவை திரும்பிவிடும். அங்குள்ள பெரிய தீவான ஸ்பிட்ஸ்பெர்கனை முழுச் சுற்று சுற்ற ஆசைப்பட்டு ஜூன் தொடக்கத்தில் போவோர் ஹின்லோப்பன் நீரிணை இன்னும் இறுகிக் கிடப்பதைக் கண்டு வந்த வழியே திரும்புவது வழக்கம்தான்.

கப்பல் விரிகுடாவில் நின்றதும் பயணிகள் இறங்கிவிடுவதில்லை. முதலில் துப்பாக்கி ஏந்திய வழிகாட்டிகள் காற்றடைத்த ரப்பர் படகில் போய்க் கரையையும் பின்னால் உள்ள மேடுகளையும் தொலைநோக்கியால் துழாவுவார்கள். பனிக்கரடி இல்லை என்று தெரிந்தபின் ஆளுக்கொரு திசையில் காவல் நிற்பார்கள். அதன்பின்தான் அழைப்பு வரும். காலணியின் அடிப்பகுதியைக் கிருமிநாசினித் தொட்டியில் தேய்க்க வேண்டும். ஒரு விதைகூட ஒட்டிப்போகக் கூடாது. பலகையில் உங்கள் எண்ணுள்ள வில்லையைத் திருப்பி வைக்க வேண்டும். திரும்பி வந்ததும் பழையபடி திருப்ப வேண்டும். மறந்தால் கரையில் ஒருவர் விடுபட்டதாகக் கருதித் தேடல் தொடங்கும். ஏணியடியில் படகோட்டியின் உள்ளங்கையைப் பிடிக்காமல் முன்கையைப் பிடிக்க வேண்டும். ஈரக் கையுறையில் உள்ளங்கை வழுக்கும். முன்கையோடு முன்கை பிடித்தால் நழுவாது. படகு அலையில் மேலெழும் கணத்தில் விளிம்பில் ஒரு கால், பிறகு படகின் தரையில் ஒரு கால், உடனே உட்கார வேண்டும். அவசரக்காரர் படகு தாழும் நேரத்தில் அடியெடுத்து வைப்பார். கால் அந்தரத்தில் நிற்கும். காயங்கள் பெரும்பாலும் இந்த ஏணியடியில்தான் நேர்கின்றன.

இதில் சாகசம் எங்கே இருக்கிறது? எல்லா விதியும் அபாயத்தைத் தவிர்ப்பதற்கே. 2025 ஜனவரி 1 முதல் ஸ்வால்பார்டில் பனிக்கரடியிடமிருந்து குறைந்தது 300 மீட்டர் விலகியிருக்க வேண்டும். மார்ச் முதல் ஜூன் முடிய 500 மீட்டர். காப்புப் பகுதிகளில் 200 பயணிகளுக்கு மேல் ஏற்றிய கப்பலுக்கு இடமில்லை; கரையிறங்குவதும் குறித்த 43 இடங்களில் மட்டும். கரடி தென்பட்டால் எல்லோரும் படகுக்குத் திரும்ப வேண்டும். மூடுபனி இறங்கினால் கரடியைப் பார்க்க முடியாது என்பதாலேயே இறங்குவது ரத்தாகும். துணிவைக் காட்டும் வழிகாட்டியை இந்தத் தொழிலில் ஒருவரும் வைத்துக்கொள்ள மாட்டார்கள்.

சாகசம் என்ற சொல்லின் வரலாறும் நல்லதல்ல. வடமொழியில் ‘சாஹஸ’ என்பது பலாத்காரம், முன்பின் யோசியாத துடுக்கு. பழைய தரும நூல்களில் அது வன்குற்றங்களின் பெயர். தமிழில் ‘சாகசக்காரி’ என்றால் பசப்பி ஏமாற்றுகிறவள் என்றொரு வழக்கும் இருந்தது. மலையேற்றக்காரருக்கும் பாராசூட்டில் குதிப்பவருக்கும் இன்று அது பொருந்திவிட்டது என்றே வைத்துக்கொண்டாலும், கரடியைக் கண்டதும் படகுக்குத் திரும்புகிறவருக்குப் பொருந்தாது.

இது சொல்லாராய்ச்சி மட்டும் அல்ல. இந்தப் பிழையால் ஆட்கள் ஏமாறுகிறார்கள். ‘சாகசம்’ என்று படித்துப் பணம் கட்டியவர், மூன்றாம் நாள் காற்றால் கரையிறங்குவது ரத்தானால் மோசம் போனதாகக் கொதிக்கிறார். ஏணியில் இறங்கவும் படகு விளிம்பில் உட்காரவும் முடிந்தால் போதும், அறுபத்தைந்து வயது அம்மாவும் போய்வரலாம். அவர் ‘சாகசம்’ என்ற சொல்லைப் பார்த்ததுமே இது தனக்கில்லை என்று ஒதுங்கிவிடுகிறார். உண்மையான அபாயத்தையும் இந்தச் சொல் மறைக்கிறது. 2010-இல் கனடாவின் ஆர்க்டிக் பகுதியில் ‘கிளிப்பர் அட்வென்ச்சரர்’ என்ற கப்பல் பாறையில் ஏறி நின்றது. 2018-இல் அதே வட்டாரத்தில் ‘அகாடமிக் இயோஃபே’. 2023 செப்டம்பரில் கிழக்குக் கிரீன்லாந்தில் 206 பேரோடு ‘ஓஷன் எக்ஸ்புளோரர்’. ஆர்க்டிக் கடலடியில் இன்னும் ஒழுங்காக ஆழம் அளக்காத பரப்பு ஏராளம். வரைபடத்தில் எண் இல்லாத இடத்தில் ஆழம் இருக்கிறது என்று பொருளில்லை. ‘சாகசம்’ என்ற சொல் இதைப் பயணியின் வீரம் ஆக்கிவிடுகிறது. கேட்க வேண்டியதோ பனியைத் தாங்குவதில் கப்பலின் தரம் என்ன, கப்பல் தலைவருக்கு இந்தக் கடலில் எத்தனை பருவ அனுபவம் என்ற கேள்விகள்.

‘சொகுசு’ பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. சில கப்பல்களில் நீராவிக் குளியல் அறையும் நல்ல சாப்பாடும் உண்டு. சிலவற்றில் இரண்டடுக்குப் படுக்கைதான். மெத்தையை வைத்துப் பயணத்துக்குப் பெயர் வைப்பது முறையல்ல.

அடுத்த போட்டிச் சொல் ‘ஆய்வுப் பயணம்’. அகராதியைப் பார்த்து நேராக எழுதுவோர் இதைத்தான் எடுக்கிறார்கள். கப்பலில் மிதவையுயிர் மாதிரி எடுப்பது, மேகத்தைக் குறித்துவைப்பது போன்ற வேலைகளில் பயணிகளும் சேர்வது உண்டு. ஆனால் அது பயணத்தின் ஓரத்தில் நடப்பது. ஸ்வால்பார்டின் நி-ஆலசுண்டில் இந்தியாவின் ‘ஹிமாத்ரி’ ஆய்வு நிலையம் 2008 முதல் இயங்குகிறது. அங்கே போகும் அறிவியலாளரின் பயணம்தான் ஆய்வுப் பயணம். அந்த ஊர் இருக்கும் கோங்ஸ் விரிகுடாவில் சுற்றுலாப் பயணியும் வந்து நிற்கிறார். இருவருக்கும் ஒரே சொல்லைக் கொடுத்துவிட்டால், செய்தி படிக்கிறவருக்கு யார் எதற்குப் போனார் என்று எப்படித் தெரியும்?

தூய தமிழ் வேண்டுவோர் ‘தேடற்செலவு’ என்பார்கள். ‘செலவு’ பயணத்தைக் குறிக்கும் அருமையான பழஞ்சொல். தலைவியைப் பிரிய மனமின்றித் தலைவன் போக்கைத் தள்ளிப்போடுவதைச் ‘செலவழுங்குதல்’ என்றார்கள். ஆனால் இன்றைய வாசகருக்குச் செலவு என்றால் பணம். லட்சக்கணக்கில் கட்டணம் பேசும் பக்கத்தில் இந்தச் சொல்லை வைத்தால் குழப்பமே மிஞ்சும். தூய்மைக்கும் தெளிவுக்கும் இடையில் தேர்ந்தெடுக்க வேண்டிவந்தால் என் கை தெளிவின் பக்கம்தான் போகும். இங்கே தூய தமிழிலேயே தெளிவான சொல் கிடைக்கிறது. பிறகு ஏன் தடுமாற வேண்டும்?

குரூஸ் என்பதற்குக் கடலுலா. உலாவுதலுக்கு நேர்க்கோடு கிடையாது. டச்சுச் சொல்லின் குறுக்கும் நெடுக்கும் இதில் அப்படியே வந்துவிடுகிறது. சுற்றுலா என்ற சொல்லால் உலா எல்லோருக்கும் பழகியும் இருக்கிறது. கப்பலுலா என்னாமல் கடலுலா என்பதற்குக் காரணம், நேரத்தில் ஒரு பகுதி ரப்பர் படகில் கழிவதுதான். எக்ஸ்பெடிஷன் என்பதற்கு, மற்றக் கப்பல் சுற்றுலாவிலிருந்து இதைப் பிரிக்கும் செயலையே பெயராக்கலாம். பெரிய கப்பல் துறைமுக மேடையில் கட்டி நிற்கும். இதில் துறைமுகமே இல்லாத கரையில் இறங்குகிறோம். ஆகவே கரையிறங்கு கடலுலா. ‘தரையிறங்கு’ விமானத்துக்குப் போய்விட்ட சொல். படகுக்கு அதை எழுதுவோர் தயவுசெய்து நிறுத்த வேண்டும். ‘கரையேறு’ நீரில் தத்தளித்தவர் தப்பி வருவது. கலத்திலிருந்து இறங்குகிறவருக்குக் ‘கரையிறங்கு’ என்பதே சரி.

சில நாட்களில் கரையிறங்குவதே இல்லையே என்று மறுப்பு எழும். உண்மை. ஸ்வால்பார்டின் நூர்ட்அவுஸ்ட்லாந்து தீவில் உள்ள பிரோஸ்வெல்பிரீன் பனிச்சுவரின் முன்னால் இறங்க இடமில்லை. பார்த்துக்கொண்டே நகர வேண்டியதுதான். ஆனால் மீன் படாத நாளிலும் மீன்பிடி படகு மீன்பிடி படகுதானே.

இதோடு விட்டால் பரவாயில்லை. இந்தப் பயணங்களைப் பற்றிய மொழிபெயர்ப்பு முழுதுமே சொல் சொல்லாகச் சறுக்குகிறது. ‘தொலைதூர ஆர்க்டிக் நீர்நிலைகள்’ என்று எழுதுகிறார்கள். நீர்நிலை என்றால் குளம், ஏரி, கண்மாய். இங்கே வேண்டியது ‘ஆளரவமற்ற ஆர்க்டிக் கடற்பரப்பு’. பனியாறு உடைந்து கடலில் விழுவதைக் ‘கன்று ஈனுகிறது’ என்று சொல்லுக்குச் சொல் பெயர்க்கிறார்கள். தமிழ் வாசகருக்குப் பசுதான் நினைவுக்கு வரும்.

எல்லாவற்றிலும் மோசம் ‘பனிப்பாறை’. மூன்று வேறு பொருள்களுக்கு இந்த ஒரே சொல்லைப் போடுகிறார்கள். நிலத்தில் பெய்த பனி இறுகி மலைச்சரிவில் மெல்ல நகர்ந்து வருவது பனியாறு. அதன் முகப்பு உடைந்து கடலில் மிதக்கும் துண்டு பனிப்பாறை, அது நன்னீர். கடல்நீரே ஏறத்தாழ மைனஸ் 1.8 டிகிரியில் உறைந்து தட்டையாகப் பரவுவது கடற்பனி. ஹின்லோப்பனை மூடுவது கடற்பனி. அதைப் ‘பனிப்பாறைகள் அடைத்துக்கொண்டன’ என்று எழுதினால் படிப்பவர் மனத்தில் வேறொரு காட்சி எழுகிறது. பனியாறு உருகிக் கடலில் சேர்ந்தால் கடல்மட்டம் உயரும். ஏற்கெனவே மிதக்கும் கடற்பனி உருகுவதால் அப்படி உயர்வதில்லை. இந்த வேறுபாடே தெரியாமல் எத்தனை காலநிலைச் செய்திகள் தமிழில் வருகின்றன!

படகில் உட்கார்ந்திருப்பவருக்கு இது உயிர்ப் பிரச்சினை. ‘பனிப்பாறையிலிருந்து விலகியிருங்கள்’ என்று அறிவிப்பைத் தமிழாக்கினால், அவர் பக்கத்தில் மிதக்கும் வண்டியளவு துண்டைத்தான் பார்ப்பார். அதுவும் திடீரென்று புரளக்கூடியது, உண்மை. ஆனால் அறிவிப்பு சொல்வது எதிரே நிற்கும் உயர்ந்த சுவரை. அதில் ஒரு பாளம் சரிந்தால் எழும் அலை விரிகுடாவின் மறுகரைவரை பாயும். நீர்விளிம்பில் நின்று படமெடுப்பவரை அடித்துப்போடும். ‘பனியாற்று முகப்பிலிருந்து விலகியிருங்கள், பாளம் சரிந்தால் உடனே மேட்டுக்கு ஏறுங்கள்’ என்று எழுதினால் அவர் பார்க்க வேண்டிய பக்கம் பார்ப்பார்.