கண்ணைக் காட்டினால் பணம்: ஜோர்டானில் அகதிகளுக்கான உதவித்தொகை

ஜோர்டானில் தஞ்சம் புகுந்த சிரியக் குடும்பங்களுக்கு ஐ.நா. அகதிகள் முகமை மாதந்தோறும் உதவித்தொகை தருகிறது. அதைப் பெற ஏ.டி.எம். கார்டும் வேண்டாம், ரகசிய எண்ணும் வேண்டாம். கெய்ரோ அம்மான் வங்கியின் ஏ.டி.எம்.மில் உள்ள கேமராவைப் பார்த்தால் போதும். முகமையிடம் உள்ள கருவிழிப் பதிவோடு கண் ஒத்துப்போனால் பணம் வெளியே வரும்.

இந்த ஏற்பாடு ஏன் தேவைப்பட்டது? ஜோர்டானில் சதாரி போன்ற முகாம்கள்தான் செய்திகளில் வருகின்றன. ஆனால் அங்குள்ள அகதிகளில் ஐந்தில் நான்கு பேர் முகாம்களுக்கு வெளியே, அம்மான், இர்பித், மஃப்ராக் நகரங்களில் வாடகை வீடுகளில் வாழ்கிறார்கள். ஊர் முழுவதும் சிதறிக் கிடப்பவர்களுக்கு லாரியில் மாவு மூட்டை கொண்டுபோய்க் கொடுக்க முடியாது. கொடுத்தாலும் வீட்டுக்காரர் வாடகைக்கு மாவை வாங்கிக்கொள்ள மாட்டார். இந்த மாதம் மருந்தா, வாடகையா என்பதை அந்தக் குடும்பமே முடிவு செய்ய முடிவதுதான் இத்திட்டத்தின் பெரிய நன்மை என்று நான் நினைக்கிறேன்.

முதல் படி, முகமை அலுவலகத்தில் பதிவு செய்வது. அப்போது கருவிழி பதியப்படும். புகலிடம் கோருவோருக்கான சான்றிதழ் கிடைக்கும். அதைக் காலாவதியாகாமல் புதுப்பித்துக்கொண்டே வர வேண்டும். பதிவு செய்த எல்லோருக்கும் பணம் கிடைத்துவிடாது. பலர் ஏமாற்றமடைவது இங்கேதான். வீட்டில் எத்தனை பேர், வாடகை எவ்வளவு, கடன் உண்டா, நோயாளிகளோ மாற்றுத்திறனாளிகளோ இருக்கிறார்களா என்று விசாரித்து, மிகவும் நலிந்த குடும்பங்களையே தேர்ந்தெடுக்கிறார்கள். தேர்வானவர்களுக்குப் பணம் வந்ததும் குறுஞ்செய்தி வரும்.

நம் ரேஷன் கடையில் கைரேகை பதியாமல் திரும்பும் முதியவர்களைப் பார்த்தவர்களுக்கு இதன் சிக்கலும் புரியும். கண் நோய் உள்ளவருக்கும் படுத்த படுக்கையாக இருப்பவருக்கும் மாற்று வழி கட்டாயம் இருக்க வேண்டும்.

அதைவிடக் கனமான கேள்வி, அந்தத் தரவு யார் கைக்குப் போகிறது என்பது. வங்கதேசத்தில் ரோஹிங்கியா அகதிகளிடம் திரட்டிய விவரங்கள், அவர்கள் தப்பி வந்த மியான்மர் அரசுக்கே போய்ச் சேர்ந்தன. பலருக்கு அது தெரியவே தெரியாது என்று மனித உரிமை அமைப்பான ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் 2021இல் குற்றம் சாட்டியது. சம்மதம் கேட்டே பகிர்ந்தோம் என்றது முகமை. கென்யாவில் பஞ்ச காலத்தில் உணவுக்காக அகதிகளாகப் பதிவு செய்துகொண்ட, கென்யக் குடிமக்களான சோமாலி இனத்தவர், கைரேகை அகதிகள் பட்டியலில் இருந்ததால் தேசிய அடையாள அட்டை கிடைக்காமல் பல ஆண்டுகள் அலைந்தார்கள். உயிருக்கு அஞ்சி ஓடிவந்து, கையில் ஒன்றும் இல்லாமல் நிற்பவர் சம்மதப் படிவத்தில் கையெழுத்திட மறுப்பார் என்று எதிர்பார்ப்பது நியாயமே இல்லை.

முகமையின் 2015ஆம் ஆண்டுத் தரவுப் பாதுகாப்புக் கொள்கைப்படி, விவரம் எதற்காக வாங்கப்படுகிறது, யாருடன் பகிரப்படும் என்று அகதி கேட்கலாம். பிழையைத் திருத்தச் சொல்லலாம், ஆட்சேபமும் தெரிவிக்கலாம். பதிவு மேசையில் உட்கார்ந்திருக்கும் ஊழியர் இதை அகதியின் மொழியில் வாய்விட்டுச் சொன்னால்தான் இந்த உரிமைக்குப் பயன் உண்டு. ஆனால் ஆட்களே குறைகிறார்கள். நன்கொடை நாடுகள் நிதியைக் குறைத்ததால் சுமார் 3,500 பணியிடங்களை நீக்குவதாக 2025 ஜூனில் முகமை அறிவித்தது.

பதிவுக்கும் சான்றிதழைப் புதுப்பிக்கவும் உதவித்தொகைக்கும் எந்தக் கட்டணமும் கிடையாது. பட்டியலில் பெயர் சேர்க்கிறேன் என்று யாராவது பணம் கேட்டால், கொடுக்காமல் முகமையிடம் புகார் செய்யலாம். புகார் செய்ததற்காக உதவி நின்றுவிடாது.